லடாக்குக்கு முன் ஒரு சுற்று: கங்கைகொண்டானிலிருந்து கடலும் கணவாயும்

கங்கைகொண்டானில் பைக்கைத் தெருவிலிருந்து திருப்பினால் எதிரே கிடப்பது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும், நாட்டிலேயே நீளமான சாலை அது. இதே சாலையில் வடக்கே போய் லடாக்கைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை இந்தப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு உண்டு. நல்ல ஆசைதான். அதற்கு முன் அவர்கள் தெற்கே ஒரு சுற்றுப் போய் வரலாம்.

திருநெல்வேலி, திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி, நாகர்கோவில், திருவனந்தபுரம். அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பித் தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாக மறுபடி ஊர். மொத்தம் நானூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நான்குவழிச் சாலை, ஆற்றங்கரைச் சாலை, கடற்காற்று, மாநில எல்லை, மலை வளைவு, மழை என்று நெடும்பயணம் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலானவை இந்தச் சுற்றுக்குள் வந்துவிடுகின்றன. ஒரே நாளில் முடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் மலையேறும்போது சோர்ந்துவிடுகிறார்கள். திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ இரவு தங்கினால், மறுநாள் பகல் வெளிச்சத்தில் கணவாயைக் கடந்து பொழுது சாயுமுன் வீடு சேரலாம்.

கிளம்பும் முன்

முந்தின நாள் மாலையே டயர் காற்றைப் பார்த்துவிட வேண்டும், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். செயினின் தொய்வு, பிரேக் கட்டை, கிளட்ச் கேபிள் மூன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. கம்பிச் சக்கரமுள்ள வண்டிகள் பெரும்பாலும் டியூப் போட்டவை. அதற்கு ஒரு மாற்று டியூப் கையில் இருக்கட்டும். டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் சிறிய காற்றடிப்பானும் போதும். உவரிக்கும் கூடங்குளத்துக்கும் இடையில் ஞாயிறு மதியம் பஞ்சர் கடை தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஹெல்மெட்டைப் பற்றிப் பலமுறை சொல்லியாயிற்று. இன்னொரு முறையும் சொல்லத்தான் வேண்டும். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில், நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். தரமான ஹெல்மெட்டைச் சரியாக அணிந்தால் உயிரிழப்பு அபாயம் 42 சதவீதமும், தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாக அணிவது என்றால் தாடைப் பட்டையை இறுக்கிப் போடுவதும் சேர்த்துத்தான். பின்னால் உட்காருபவருக்கும் இதே விதி.

விடியலில் மான், ஆற்றங்கரையில் நெல்

கங்கைகொண்டானில் 288 ஹெக்டேர் பரப்பில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்டது. புள்ளிமான்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். பைக்காரர்கள் கிளம்பும் நேரமும் அதுவே. ஒரு மான் குறுக்கே ஓடினால், அதன் பின்னால் இன்னொன்று வரும் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். கண்ணைக் கூசவைக்கும் ஹை பீம் வெளிச்சத்தில் மான் நடுச்சாலையிலேயே நின்றுவிடும். விளக்கைத் தாழ்த்தினால் அது விலக வழி கிடைக்கும்.

பாளையங்கோட்டை அருகே திருச்செந்தூர் சாலையில் திரும்பியதும் தாமிரபரணி கூடவே வருகிறது. ஆதிச்சநல்லூரின் பழைய இடுகாட்டு மேட்டைத் தாண்டினால் இருபுறமும் வயலும் வாழையும். கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தத் தூரத்தில்தான் கவனம் சிதறும். அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயும். உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வண்டி ஏறவிடுவதும் நம் பக்கத்து வழக்கம். நாலு சக்கரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு சக்கரம் அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும்.

தைப்பூசம், கந்தசஷ்டி சமயங்களில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலும் சாலையோரமாக நடக்கிறார்கள். அந்த நாட்களில் இரவில் இந்த வழியே வண்டி ஓட்டாமலிருப்பது இரு தரப்புக்கும் நல்லது. நவராத்திரியின்போது குலசேகரப்பட்டினம் தசரா கூட்டமும் அப்படித்தான்.

காற்றோடு போகும் சாலை

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதைத் தாண்டி மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று போகும் கடற்கரைச் சாலையில் சிவந்த தேரிமணலும் பனையும் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை நிற்கின்றன. இங்கே ஓட்டியின் கையைச் சோதிப்பது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை ஆகிய இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். மே முதல் செப்டம்பர் வரை வீச்சு அதிகம்.

தெற்கு நோக்கிப் போகிறவருக்கு இந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பவர்களின் வண்டிதான் அதிகம் ஆடுகிறது. முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு, கைகளைத் தளர்த்தி, வேகத்தை ஐம்பது, அறுபதுக்குள் வைத்தால் வண்டி தானாகவே நிதானப்படும். நான் இந்தச் சாலையில் கண்ட பெரிய ஆபத்து, எதிரே வரும் லாரியையோ பேருந்தையோ கடக்கும் நொடியில் வருகிறது. பெரிய வண்டியின் மறைவில் காற்று சட்டென்று நின்றுவிடும். அதைத் தாண்டியதும் அதே வேகத்தில் மறுபடி அறையும். அதற்குத் தயாராக இல்லாதவர் ஒரு முழம் இடப்பக்கம் தள்ளப்படுவார். காற்று வாரிக் கொட்டிய மணல் வளைவுகளில் கிடப்பதும் உண்டு. அதன்மேல் வண்டியைச் சாய்க்கக் கூடாது.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக் காப்பி கிடைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்க அது போதுமான காரணம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் நிற்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும். வெயிலில் நீர் வற்றிய உடம்பு முதலில் இழப்பது கவனத்தை.

எல்லைக்கு அப்பால் மலை

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். சாலை குறுகல், ஊர்கள் நெருக்கம், வேகம் தானாகக் குறையும். 2023 ஜூன் முதல் அங்கே சாலையோரக் கேமராக்கள் ஹெல்மெட் இல்லாதவர்களுக்கு அபராதம் போடுகின்றன. ஆர்.சி., லைசென்ஸ், காப்பீடு, புகைச் சான்று எல்லாவற்றையும் டிஜிலாக்கரில் ஏற்றிவைத்தால் காட்டுவது எளிது.

மறுநாள் நெடுமங்காடு, குளத்துப்புழை வழியாகத் தென்மலை. இரப்பரும் காடுமாக நிழல் மூடிய சாலை. மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் அந்த நிழலில் ஈரம் இருக்கும், சருகுக்கு அடியில் பாசி இருக்கும். சாலையோரத்தில் பதின்மூன்று கண் ரயில் பாலம் வரும். கொல்லம்–செங்கோட்டை ரயில் 1904-இல் ஓடத் தொடங்கிய காலத்துப் பாலம் அது. படம் எடுக்க நினைப்பவர் வளைவில் நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து ஓரங்கட்ட வேண்டும்.

ஆரியங்காவிலிருந்து புளியரை இறக்கம். எஸ் வளைவில் கேரளத்துக்குப் பாரம் ஏற்றிய லாரிகள் திரும்பும்போது முழுச் சாலையும் அவற்றுக்கே தேவைப்படும். ஹார்ன் அடித்துவிட்டு, லாரி முழுதாகத் திரும்பும்வரை மேலேயே காத்திருப்பதுதான் முறை. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்தே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினே வேகத்தைக் கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது இந்த மலையில் உயிரோடு விளையாடுவது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இந்தக் கணவாயை நிறைத்துவிடும். அப்போது விடிகாலையில் கடப்பதே வசதி.

செங்கோட்டைக்குப் பிறகு காற்று முதுகுப் பக்கம் வரும். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியே அகலப்படுத்தப்பட்ட சாலையில் வண்டி சுகமாக ஓடும்.

விபத்தென்றால் 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. தமிழ்நாட்டுக்குள் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. உடன் வருபவருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் வண்டியை அப்படியே நிறுத்திவிடக் கூடாது. கடற்காற்றின் உப்பு செயினிலும் ஸ்போக்கிலும் படிந்திருக்கும். மறுநாள் காலையில் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையான வாரங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.