குரங்கு மனிதனைத் தேடிய பேராசிரியர்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் யாராவது "குரங்கு மனுசனப் பாத்தேனுங்க"ன்னு சொன்னா சிரிச்சிருவோம். ஆஸ்மன் ஹில் சிரிக்கவில்லை. 1930-ல் கொழும்புக்கு வந்த உடற்கூறியல் பேராசிரியர் இவர். குரங்கினங்களைப் பற்றி 8 பெரிய தொகுதிகள் எழுதியவர். அவ்வளவு படிச்சவர், இலங்கை வேடர்கள் சொன்ன குள்ளமான 'நிட்டேவோ' பற்றியும் 1945-ல் கட்டுரை எழுதினாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்!

பிறகு லண்டனில் இருந்தபோது, நேபாளத்துப் பாங்போச்சே மடத்திலிருந்து 1959-ல் எடுத்த 'பனிமனிதன்' விரல் அவரிடம் வந்தது. (ரகசியமா எடுத்தது தப்புதான்.) அவர் அதைப் பத்திரப்படுத்தினார். 1975-ல் இறந்தார். அவர் சேகரிப்பில் கிடைத்த அந்த விரலை 2011-ல் டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். மனித விரல்!

நிட்டேவோவுக்கு அப்படிச் சோதிக்க ஒரு பல்கூட இன்னும் கிடைக்கவில்லை.