கிரில் தட்டும் உதிர்ந்த கம்பியும்

எஃகுக் கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால்தான் கிரில் தட்டு சுத்தமாகும் என்பது, வார இறுதிகளில் கொல்லையில் இறைச்சி சுடும் அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் ஊறிப்போன நம்பிக்கை. தட்டைச் சுத்தம் செய்வதில் நடக்கும் மற்றத் தவறுகளால் பெரும்பாலும் தட்டுதான் கெடும். இந்த ஒன்று ஆளையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஒரே மருத்துவமனைக் குழுமத்துக்கு 2009 ஜூலை முதல் 2012 ஜூன் வரை இப்படி 12 பேர் வந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. சிலருக்கு எச்சில் விழுங்கினாலே தொண்டையில் கடும் வலி. சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசர அறுவை சிகிச்சை. எல்லாவற்றுக்கும் காரணம், பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒற்றைக் கம்பி இழை.

அந்த இழை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். கரி படிந்த தட்டில் விழுந்தால் கண்ணுக்கே படாது. அடுத்த முறை வைக்கும் இறைச்சியின் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு நேராக வாய்க்குப் போய்விடும். 2002 முதல் 2014 வரை இப்படிக் காயப்பட்டு அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்றவர்கள் 1,600-க்கும் அதிகம் என்று மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் மதிப்பிட்டார்கள். சுட்ட இறைச்சி சாப்பிட்ட பிறகு தொண்டையோ வயிறோ குத்தி வலித்தால், என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ கம்பியைத் தேடிப் பார்க்கத் தோன்றும்.

கம்பி பிரஷ் இல்லாமல் வேலை நடக்குமா? தாராளமாக நடக்கும். சமைத்து முடித்ததும் மூடியைப் போட்டு, தீயைக் கூட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஒட்டியது காய்ந்து பொருக்காகிவிடும். சூடு கொஞ்சம் தணிந்ததும் மரச் சுரண்டியால் சுரண்டி, ஈரத்துணியை நீண்ட இடுக்கியில் பிடித்துத் துடைத்தால் போதும். அப்போது ஆவி குப்பென்று எழும்பும், கையுறை கட்டாயம். முற்றிப்போன கறை என்றால், ஆறிய தட்டை வெந்நீரிலும் பாத்திரம் தேய்க்கும் சோப்பிலும் ஊறப்போட வேண்டும். அரை வெங்காயத்தால் தேய்ப்பதை மந்திரம் போலச் சொல்பவர்கள் உண்டு. மேலோட்டமான பிசுக்கு போகும், அவ்வளவுதான்.

"நெருப்பே எல்லாவற்றையும் சுத்தப்படுத்திவிடும், கழுவுவது எதற்கு?" என்ற வாதம் பாதிதான் சரி. நல்ல சூட்டில் கிருமிகள் சாகும். கரி அங்கேயேதான் இருக்கும். அடித்தட்டில் தேங்கிய கொழுப்பு மொத்தமாகத் தீப்பிடிக்கவும் கூடும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் கிரில் தீவிபத்துகளுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சொல்வதே சுத்தம் செய்யாமல் விடுவதைத்தான்.

கறுப்புப் படிவம்தான் ருசி, அதைச் சுரண்டக் கூடாது என்பது இன்னொரு வாதம். தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இதில் குழப்பமே வராது. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு ஒன்றிப்போன மெல்லிய, வழவழப்பான பூச்சு வேறு. விரல் பட்டால் உதிரும் கரிப்பொருக்கு வேறு. முன்னதைக் காப்பாற்ற வேண்டும், பின்னதைச் சுரண்டிப் போட வேண்டும். வார்ப்பிரும்புத் தட்டில் சோப்பே படக் கூடாது என்பதும் மிகை. சாதாரண சோப்புக்கு அந்தப் பூச்சு அசையாது. கழுவிய தட்டை ஈரத்தோடு விட்டால்தான் துருப்பிடிக்கும். உடனே அடுப்பில் காட்டி உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவி வைப்பது நல்லது. எனாமல் பூசிய தட்டில் இரும்புச் சுரண்டி வேண்டாம். பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறிவிடும்.

இரும்போடு ஒன்றிய அந்த எண்ணெய்ப் பூச்சை உண்மையில் கரைப்பது ஓவன் கிளீனர். பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. அலுமினியத்தை அரிக்கும், தோலைப் பொசுக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உணவு படும் தட்டுக்கு அதை எடுப்பதென்றால், டப்பாவில் கிரில் தட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தட்டு முழுவதுமாக ஆறிய பிறகே தெளித்து, பலமுறை நீர்விட்டு அலச வேண்டும்.