பெரிய உரைக்கோப்புகளை விரிதாளில் ஏற்றுதல்: கொள்ளளவும் எச்சரிக்கையும்

நெல்லைக் குதிரில் கொட்டும் குடியானவன் குதிரின் கொள்ளளவை அறிந்தே கொட்டுகிறான். குதிர் நிறைந்தபின் கொட்டிய நெல் தரையில் சிந்தும். சிந்தியதைக் கண்டு அள்ளி வேறிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கணினியின் விரிதாளில் கணக்குகளை ஏற்றும்போதோ, நிறைந்தபின் சிந்துவது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. இக்காலத்தில் மழைக் கணக்கு, சாகுபடிக் கணக்கு, பயனாளிகள் பட்டியல் ஆகிய யாவும் கணினிக் கோப்புகளாகவே வருகின்றபடியால், இவ்விஷயத்தை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வரிகளின் எல்லை

எக்ஸெல் போன்ற விரிதாள், கிராமக் கணக்கேட்டைப் போலவே வரிகளும் கலங்களும் கொண்டது. ஏட்டின் பக்கங்களுக்கு முடிவு உள்ளதுபோல் இதற்கும் முடிவு உண்டு. 2003-ஆம் ஆண்டு வரை வழங்கிய பழைய எக்ஸெல் அமைப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளும் 256 கலங்களும் மட்டுமே இருந்தன. 2007-ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸெல் முதல் 10,48,576 வரிகளும் 16,384 கலங்களும் கிடைக்கின்றன. ஆயினும் புதிய எக்ஸெலைக் கொண்டு பழைய எக்ஸ்.எல்.எஸ். அமைப்பில் சேமித்தால் பழைய எல்லையே செல்லும். உரைக்கோப்பிற்கோ இத்தகைய எல்லை கிடையாது. சி.எஸ்.வி. எனப்படும் உரைக்கோப்பில் வரிகளை எத்தனை வேண்டுமாயினும் எழுதிக்கொண்டே போகலாம். எல்லையற்றதை எல்லையுள்ளதில் கொட்டுவதே இடரின் மூலம்.

இதனால் விளையும் கேட்டினை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு மாவட்டத்தில் 120 தானியங்கி மழைமானிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு தடவை அளவைப் பதிவதாகவும் வைத்துக்கொள்க. ஒரு மழைமானிக்கு ஆண்டுக்கு 8,760 வரிகள். 120 மழைமானிகளுக்கு 10,51,200 வரிகள். தலைப்பு வரியுடன் 10,51,201. இக்கோப்பை விரிதாளில் திறந்தால் கடைசி 2,625 வரிகள் ஏறாமல் நின்றுவிடும். பத்து லட்சத்தில் இரண்டாயிரம் அற்பம் என்று எண்ணற்க. கோப்பு மழைமானிகளின் எண் வரிசையில் இருந்தால், விடுபட்டவை யாவும் 120-ஆம் மழைமானியைச் சேர்ந்தவையே; 109 நாட்களும் 9 மணிகளும் கொண்டவை. அதாவது செப்டம்பர் 13-ஆம் தேதி பிற்பகல் முதல் டிசம்பர் முடிய உள்ள கணக்கு. வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. அம்மழைமானியைச் சூழ்ந்த கிராமங்களில் வெள்ளத்தால் பயிர் அழிந்திருப்பினும், அவ்விரிதாளை நம்புகிறவருக்கு அங்கே மழையே பதிவாகவில்லை என்று தோன்றும்.

நினைவகத்தின் எல்லை

வரிகள் எல்லைக்குள் அடங்கினும் நினைவகம் போதாமல் போவதுண்டு. விரிதாள், தான் திறக்கும் ஏட்டினை முழுவதும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டே வேலை செய்கிறது. உரைக்கோப்பில் '7' என்ற ஓர் இலக்கத்திற்கு ஒரு பைட் இடம் போதும். அதுவே விரிதாளில் ஓர் எண்ணாக அமையும்போது எட்டு பைட்டுகள் வேண்டும். கட்டத்தின் அமைப்பு முதலியவற்றைக் குறித்துவைக்க மேலும் இடம் வேண்டும். வரிதோறும் வாய்பாடு எழுதினால் தேவை பின்னும் பெருகும். ஆகவே கோப்பு சிறிதாயிருக்கிறதென்று கருதித் திறந்தபின் கணினி திணறுவது வியப்பன்று.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 32 பிட் எக்ஸெல் விண்டோஸ் கணினியில் வழக்கமாக 2 ஜிகாபைட் அளவுக்கே நினைவக முகவரிகளைக் கொள்ளும். சில புதிய பதிப்புகளில் சற்றுக் கூடுதலாகும். கணினியில் 16 ஜிகாபைட் பொருத்தியிருந்தாலும் மிகுதி அதற்குப் பயன்படாது. இத்தகைய நிலையில் புதிய நினைவகம் வாங்குவது வீண் செலவு. 64 பிட் பதிப்புக்கு மாறுவதே பரிகாரம். ஆனால் அப்பதிப்பிலும் வரிகளின் எல்லை மாறுவதில்லை.

இங்கிலாந்தில் நேர்ந்தது

இக்குறையின் பயனை 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்து அனுபவித்தது. கொரோனா பரிசோதனை முடிவுகள் உரைக்கோப்புகளாக வந்து, பொதுச் சுகாதார அமைப்பினால் பழைய எக்ஸ்.எல்.எஸ். அமைப்பில் ஏற்றப்பட்டன. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் வேண்டியிருந்தமையால் 65,536 வரிகள் விரைவில் நிறைந்தன. மேலும் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமற் போயினர். நோயுற்றோருக்குத் தம் முடிவு தெரிந்திருந்தது; ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதப்பட்டது. தொற்று பரவும் காலத்தில் ஒவ்வொரு நாளும் அருமையானது. தாளின் கடைசி வரிக்குக் கீழே விடுபட்டவை வெறும் எண்களல்ல, மனிதர்கள்.

செய்யத்தக்கவை

முதலாவது, ஏற்றுமுன் எண்ணுக. கோப்பை நோட்பேடில் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் எண்ட் விசையை அழுத்தினால் கடைசி வரிக்குச் செல்லலாம். அடியில் வரியின் எண் காணும். கடைசி வரி வெறுமையாயின் ஒன்றைக் கழித்துக்கொள்க.

இரண்டாவது, மூலக்கோப்பின்மேல் ஒருபோதும் சேமியாதீர். கோப்பு முழுவதும் ஏறவில்லை என்று விரிதாள் அறிவிக்கும்போது, அவ்வறிவிப்பைப் படியாமல் மூடிச் சேமித்தால் மூலத்திலும் எஞ்சிய வரிகள் அழியும். மூலத்தைத் தனியே பத்திரப்படுத்தி, நகலிலேயே வேலை செய்க.

மூன்றாவது, பிரித்து ஏற்றுக. மாதவாரியாகவோ வட்டவாரியாகவோ கோப்பைப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு வரியை இடுக.

நான்காவது, வேண்டியதை மட்டும் கொணர்க. 2016-ஆம் ஆண்டு முதல் எக்ஸெலுடன் சேர்ந்தே வரும் பவர் குவரி என்ற கருவி, உரைக்கோப்பைத் தாளில் கொட்டாமலே படித்துச் சுருக்கித் தரவல்லது. மேற்சொன்ன மழைக் கணக்கை நாள்வாரியாகக் கூட்டச் செய்தால் 43,800 வரிகளே தாளில் வந்து அமரும். ஆண்டுதோறும் பெருகும் கணக்குகளுக்கு, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.க்யூ.லைட் போன்ற தரவுத்தளமே தக்கது. அது வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துப் படிப்பதால் நினைவகம் திணறுவதில்லை.

ஐந்தாவது, சர்வே எண் உள்ள கலத்தை ஏற்றும்போதே உரை எனக் குறிப்பிடுக. இல்லையேல் 12/3 என்ற உட்பிரிவு எண் மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ தேதியாக மாறிவிடும்.

முடிவாக, ஏற்றியபின் மீண்டும் எண்ணுக. கோப்பின் வரிகளும் தாளின் வரிகளும் சமமாதல் வேண்டும். பரப்பு அல்லது தொகை உள்ள கலமாயின், மூலத்துடன் வந்த மொத்தத்தோடு தாளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுக. ஜமாபந்தியில் கணக்கைச் சரிபார்க்கும் வழக்கம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. தம் பெயர் பட்டியலில் இல்லையென்று ஒரு குடியானவர் முறையிட்டால், இல்லையென்று மறுமொழி கூறுமுன் அதிகாரி மூலக்கோப்பின் கடைசி வரிவரை பார்ப்பது கடமையாகும்.