ஓர் எழுத்து ஐபோனைக் கவிழ்த்த கதை

கேள்வி: ஒரு தெலுங்கு எழுத்து மெசேஜில் வந்தால் ஐபோன் படுத்துவிடும் என்று நகரியில் இருக்கும் என் தங்கை மகன் சொல்கிறான். நிஜமா? அதே எழுத்து ஆண்ட்ராய்டை ஏன் ஒன்றும் செய்யவில்லை?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: நிஜம்தான். 2018 பிப்ரவரியில் நடந்தது. ஐஓஎஸ் 11.2.5 இருந்த ஐபோனில் அந்த எழுத்து வந்தால், மெசேஜைத் திறந்த ஆப் பட்டென்று மூடிக்கொள்ளும். நோட்டிஃபிகேஷனாக எட்டிப் பார்த்தாலோ முகப்புத் திரையே கவிழ்ந்துவிடும். ஆப்பிள் வாட்ச், மேக் கம்ப்யூட்டரும் தப்பவில்லை.

அந்த எழுத்து இதுதான்: நாம் 'ஞானம்' என்று எழுதுவதைத் தெலுங்கில் ஜகரத்தோடு ஞகரத்தைக் கீழே கோத்து 'ஜ்ஞா' என்று தொடங்குவார்கள். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர்க்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எழுத்தின் மேல் பழி போட்டது அநியாயம். சாதாரணமாக டைப் செய்தால் ஒன்றும் ஆகாது. வினை வைத்த மெசேஜில் ஐந்து குறிகள் இருந்தன: ஜ, அதன் உயிரை நீக்கும் குறி, ஞ, 'இங்கே ஒட்டாதே' என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, கடைசியில் துணைக்கால். அந்த நான்காவது ஆள்தான் வில்லங்கம். வங்காள எழுத்துகளிலும் இதே மாதிரி வரிசை ஐபோனைக் கவிழ்த்தது.

மெசேஜில் எழுத்தின் படம் போவதில்லை, எண்கள்தான் போகின்றன. நம் மொழிகளுக்கான எண் வரிசையை 1988-இன் இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி யூனிகோடு அமைத்தது. எந்தப் போனிலும் எண் ஒன்றுதான். அவற்றைக் கோத்து உருவம் வரைவது மட்டும் அவரவர் சமையல்: ஆப்பிளுக்குக் கோர் டெக்ஸ்ட், ஆண்ட்ராய்டுக்கு ஹார்ஃப்பஸ், விண்டோஸுக்கு டைரக்ட்ரைட். அந்த ஐந்து குறிகளைக் கோக்கும்போது கோர் டெக்ஸ்ட் நினைவகத்தில் தப்பான இடத்தில் கை வைத்தது. ஹார்ஃப்பஸ் வேறு ஆட்கள் எழுதியது. அதில் அந்தப் பிழை இல்லை. ஆண்ட்ராய்டு கெட்டிக்காரத்தனம் என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். அந்தப் பிழை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

தமிழுக்கும் இந்தத் தொல்லை பழக்கமானதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்திய மொழி வசதியைத் தனியாக நிறுவாவிட்டால், 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து உட்காராது. ஆனால் 'க்ஷ', 'ஸ்ரீ' போக நமக்குக் கூட்டெழுத்து அதிகம் இல்லை. புள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

ஆப்பிள் 2018 பிப்ரவரி 19 அன்று 11.2.6-ஐ வெளியிட்டுச் சரிசெய்தது. அப்டேட் செய்யாமல் 11.2.5-லேயே மேஜை டிராயரில் கிடக்கும் பழைய ஐபோன் ஏதாவது இருந்தால், அது இன்றைக்கும் கவிழும்.