வெளிநாட்டு வீடியோ கேமும் நம் வீட்டு டி.வி.யும்

ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு படி இருந்தது. ஒரு ஊர்ப் படியில் அளந்த அரிசி இன்னொரு ஊர்ப் படியில் குறையும், அல்லது வழியும். விற்றவர் மீதும் குற்றமில்லை, வாங்கியவர் மீதும் குற்றமில்லை, அளவுதான் வேறு. 1956-ல் எடை அளவைச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் எல்லா ஊருக்கும் பொதுவான பிறகே அந்த வழக்குகள் ஓய்ந்தன. டெலிவிஷன் விஷயத்தில் உலகம் வெகுகாலம் ஊருக்கு ஒரு படியாகவே இருந்தது. அதன் விளைவை வீடியோ கேம் வியாபாரத்தில் இன்றும் பார்க்கிறோம்.

பழைய வீடியோ கேம் கருவிகளைத் தேடி வாங்கும் ஆர்வம் இளைஞர்களிடம் இருக்கிறது. ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர் கொண்டு வந்தவை கைமாறிக் கைமாறி நம் அங்கத்தினர்களின் கடைகளுக்கும் வருகின்றன. மளிகையோடு பேன்சி, எலெக்ட்ரிக்கல் சாமான் வைத்திருப்பவர்களும் இவற்றை வாங்கி விற்கிறார்கள். "ஜப்பான் பொருள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று சொல்லி விற்கும் முன் நாம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியவை நான்கு.

1. மின்சாரம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். பழைய கருவிகளின் அடாப்டர் அந்தந்த நாட்டு மின்சாரத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது. அதை நேரே நம் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும். பின் மாற்றும் சிறு கட்டை பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அடாப்டர் மீது 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

இன்னொரு நுட்பம். நின்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் விட்ட பேமிகாம் கருவிக்கு 10 வோல்ட் டி.சி. அடாப்டர். அதே கம்பெனி 1985-ல் அமெரிக்காவில் விட்ட என்.இ.எஸ். கருவிக்கு 9 வோல்ட் ஏ.சி. அடாப்டர். ஒரே கம்பெனிதானே என்று அமெரிக்க அடாப்டரை ஜப்பான் கருவியில் மாட்டினால் கருவியே கெட்டுவிடும்.

2. படத்தின் முறை

அமெரிக்கா 1953-ல் கலர் டெலிவிஷனுக்கு ஏற்ற முறை என்.டி.எஸ்.சி.; ஜப்பானும் அதையே எடுத்துக்கொண்டது. படத்துக்கு 525 கோடுகள்; திரை வினாடிக்கு 60 தடவை வரையப்படும். ஜெர்மனியில் டெலிபுங்கன் கம்பெனியின் வால்டர் புரூக் உருவாக்கியது பால் முறை. (நம் கடைப் பால் அல்ல!) இதில் 625 கோடுகள், வினாடிக்கு 50 தடவை. 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது நம் நாடு பால் முறையை ஏற்றது. சிங்கப்பூரும் துபாயும் அதே முறையில் இருந்தன. அதனால்தான் அங்கிருந்து வந்த சாமான்கள் நம் வீட்டில் தொந்தரவின்றி ஓடின. ஜப்பான், அமெரிக்கச் சாமான்கள் தகராறு செய்தன.

பால் முறைக்கு மட்டுமான பழைய டி.வி.யில் ஜப்பான் கருவியை மாட்டினால் படம் மேலும் கீழும் உருளும். நின்றாலும் கறுப்பு வெள்ளையாக நிற்கும். கலரைச் சுமக்கும் அலை அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43 மெகாஹெர்ட்ஸ் என்பதே காரணம். கருவியில் பழுது இல்லை. மல்டி சிஸ்டம் டி.வி.யில் இதே கருவி கலரில் ஓடும். டி.வி.யின் மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் ஆட்டோ அல்லது என்.டி.எஸ்.சி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. இணைப்பு

பேமிகாமின் முதல் மாடலில் ஆண்டெனா வயர் வழி மட்டுமே உண்டு. அது படத்தை அனுப்புவது ஜப்பானின் 1 அல்லது 2-ம் சேனலில், அதாவது 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸுக்குள். நம் நாட்டுச் சேனல் வரிசையில் அந்த இடமே கிடையாது. எப்படியோ டியூன் செய்து படம் வந்தாலும் சத்தம் வராது. படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. 1993-ல் வந்த மாடலில் ஏ.வி. வயர் வசதி உண்டு; அமெரிக்க என்.இ.எஸ். கருவியில் ஆரம்பத்திலேயே உண்டு. ஆகவே மஞ்சள் நிற வீடியோ இணைப்பு இருக்கும் மாடலே நமக்கு உகந்தது. மஞ்சள் துளை இல்லாத புது எல்.இ.டி. டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர் தேவை, அது என்.டி.எஸ்.சி.யை ஏற்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

4. பூட்டு

கருவி ஓடினாலும் கேசட் ஓட வேண்டுமே! பேமிகாம் கேசட்டுக்கு 60 பின், என்.இ.எஸ். கேசட்டுக்கு 72 பின். ஒன்று மற்றொன்றில் நுழையாது. 1994-ல் வந்த பிளேஸ்டேஷன், தட்டு எந்த நாட்டுக்கு உரியது என்று சோதித்து, வேறு நாட்டுத் தட்டை மறுத்துவிடும். 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-ல் சினிமா டி.வி.டி.யும் பார்க்கலாம், அங்கேயும் பூட்டுதான். அமெரிக்காவுக்கு 1, ஜப்பானுக்கு 2, நமக்கு 5 என்று எண் உண்டு.

வேகத்திலும் வித்தியாசம் வரும். 60 தடவைக்கு எழுதிய விளையாட்டை மாற்றியமைக்காமல் 50 தடவை முறையில் விட்டால், ஒரு நிமிடத்தில் முடிய வேண்டியது 72 வினாடி இழுக்கும். "மெதுவாகப் போகிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் சொல்வது சரியே.

புதிய கருவிகளில் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பிற நாட்டுக் கேசட்டையும் ஏற்கும். ஆனால் பூட்டு முற்றிலும் போய்விடவில்லை. 2025-ல் ஸ்விட்ச் 2 ஜப்பானில் குறைந்த விலையில் ஒரு மாடலாக வந்தது. அதில் ஜப்பானிய மொழி மட்டுமே வரும். ஜப்பான் நாட்டுக் கணக்கு மட்டுமே சேரும். விலை மலிவு என்று கொண்டு வந்து நம்மிடம் தள்ளுவார்கள். காரணம் தெரியாமல் வாங்கினால் சரக்கு நம் அலமாரியில்தான் தங்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மத்திய அரசு போட்ட ஆணைப்படி வீடியோ கேம் கருவிகளுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். இறக்குமதியான புதுச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். இவை இல்லாத புதுச் சரக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.

முடிவாக நாம் சொல்வது இதுதான். இத்தகைய பொருளைக் கடையில் ஒரு டி.வி.யில் மாட்டி, படமும் சத்தமும் காட்டி விற்போம். "உங்கள் வீட்டு டி.வி. எந்த மாடல்?" என்று முதலில் கேட்போம். எந்த நாட்டு மாடல், எத்தனை வோல்ட், எந்த முறை என்று பில்லில் எழுதிக் கொடுப்போம். பொருந்தாது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுவோம். அன்றைய ஒரு விற்பனை போகலாம். ஆனால் குழந்தைக்கு ஆசையாக வாங்கிப் போன தகப்பனார் மறுநாள் கருகிய அடாப்டரோடு நம் வாசலில் நிற்க மாட்டார். மாத மளிகைக்கும் அவர் நம்மிடமே வருவார்.