மானாவாரி நெல்லுக்கு யூரியா எப்போது? பயறு எதற்கு?

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சிறு விவசாயிகள் பலர் மானாவாரி நெல்லையே நம்பியிருக்கிறார்கள். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருப்பார்கள். முதல் மழையில் பயிர் முளைக்கும். கார்த்திகையில் மழை பலத்தால் வயலில் தண்ணீர் கட்டும். அதாவது ஒரே பயிர் முதலில் புன்செய்ப் பயிராகவும் பிறகு நன்செய்ப் பயிராகவும் வளர்கிறது. உரம் வீணாவதும் இந்த மாற்றத்தில்தான்.

விதைக்கும்போதே யூரியாவையும் தூவிவிடும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அது என்ன ஆகிறது என்று பார்ப்போம். முதல் மழையில் யூரியா கரைந்து அம்மோனியமாக மாறும். காற்றோட்டமுள்ள ஈர மண்ணில் சில நாட்களிலேயே அது நைட்ரேட்டாகிவிடும். அப்போது நாற்றுக்கு இரண்டு மூன்று இலைதான். அதனால் எவ்வளவு எடுக்க முடியும்? அடுத்த பெருமழையில் வயல் நிரம்பும்போது நைட்ரேட்டின் ஒரு பகுதி வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது. இன்னொரு பகுதி தண்ணீர் தேங்கிய மண்ணில் வாயுவாகி ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. எடுத்தது களைதான். இதனால்தான் தழைச்சத்தை விதைப்போடு கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

அடியுரமாக வேண்டியது மணிச்சத்து. ஏக்கருக்கு 10 கிலோ மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஒரு மாதம் நிழலில் மூடி வைத்திருந்து போடலாம். தழைச்சத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி நெல்லுக்குச் சொல்லும் பொது அளவு எக்டருக்கு 50 கிலோ; ஏக்கருக்கு 20 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உண்டு. ஆகவே 45 கிலோ மூட்டை ஒன்று ஓர் ஏக்கருக்குப் போதும். முளைத்த 20 முதல் 25 நாளில் பாதி, 40 முதல் 45 நாளில் மீதி. களை எடுத்த பிறகு போடுங்கள்.

நாள் கணக்கைவிட ஈரக் கணக்கு முக்கியம். 25ஆம் நாள் வந்துவிட்டது என்பதற்காக வறண்ட மண்ணில் தூவினால் பலன் இல்லை. மேலே மட்டும் லேசாக நனைந்த மண்ணில் தூவினாலும், குறிப்பாகக் களர் நிலத்தில், அம்மோனியாவாகப் பறந்துவிடும். நல்ல மழை பெய்து மண் உள்வரை நனைந்திருக்கும்போது போடுங்கள். இரண்டாவது தவணைக்கு முன் மழை பொய்த்துவிட்டதா? அந்தப் பாதி மூட்டையைக் கட்டி வையுங்கள். வாடும் பயிருக்கு யூரியா மருந்தல்ல.

மானியத்தால் யூரியா மலிவாகக் கிடைப்பதுதான் அளவு மீறக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதிகத் தழைச்சத்தில் பயிர் கரும்பச்சையாக, பார்க்க அழகாக நிற்கும். இலை பெருத்த அந்தப் பயிர்தான் மண்ணின் ஈரத்தைச் சீக்கிரம் குடித்துவிட்டு முதலில் வாடும். குலைநோயும் அதைத்தான் தேடி வரும். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டு வருவோர் கொண்டுவரும் செலவுக் கணக்கில் யூரியாவைவிட அதன் பின்னால் வரும் மருந்துச் செலவே பெரிதாக இருக்கிறது.

இனி பயறு. தை மாதம் நெல் அறுத்ததும் கரிசல் நிலத்தில் மிஞ்சும் ஈரத்தில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைக்கலாம். மணற்பாங்கான செம்மண்ணில் ஈரம் நிற்காது. அங்கே இதை வற்புறுத்த மாட்டோம். விதையை ஆறிய கஞ்சியில் கரைத்த ரைசோபியத்தில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. பயறுக்கு யூரியா அதிகமாகப் போட்டாலும் முடிச்சு சோம்பிவிடும்.

ஆனால் ஒன்று. பயறு போட்டதாலேயே நிலம் வளமாகிவிட்டது என்று சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்போடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. மீதி வேரிலும் இலையிலும் உள்ளது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் நிலத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமே. அரிவாளால் தரையோடு அறுங்கள். வேர் மண்ணில் மக்கட்டும். பொட்டு மாட்டுக்குப் போனால் சாணம் வயலுக்குத் திரும்பட்டும். பிறகு ஆட்டுக்கிடை அமர்த்த முடிந்தால் இன்னும் நல்லது.

பயறுக்கு ஈரம் போதாத நிலத்துக்குக் கொழுஞ்சி இருக்கிறது. வறட்சியைத் தாங்கும், மாடு மேயாது. விதைத் தோல் கடினம் என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஏக்கருக்கு 8 கிலோ விதைக்க வேண்டும். கோடை மழையில் வளர்ந்ததைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் முழுத் தழைச்சத்தும் நிலத்துக்கே. சிலவற்றைக் காய்க்க விட்டால் உதிர்ந்த விதை அடுத்த ஆண்டு தானாக முளைக்கும்.

விளைச்சலுக்கு உஷ்ர் கொடுப்போர் கவனிக்க: மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. உரத்துக்கு வாங்கிய கடனைக் கழிப்பது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுஞ்சி விதை தேவைப்படும் சகோதரர்களும் சகோதரிகளும் மாசி முடிவதற்குள் நம் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நிலம் கரிசலா செம்மண்ணா, எத்தனை ஏக்கர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், பங்குனியில் விதை தருவோம்.