'அதிருப்தியடைந்த' என்ற சொல்லும் உங்கள் முறைப்பாடும்

மீள்குடியேறிய குடும்பங்கள் பிரதேச செயலகத்துக்கும் உதவி நிறுவனங்களுக்கும் எழுதும் கடிதங்களில் 'அதிருப்தி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. "நாங்கள் மிகவும் அதிருப்தியான மக்கள்" என்று எழுதினால் எழுதியவரின் மனநிலை விளங்கும். ஆனால் எந்த உதவி கிடைக்கவில்லை, யார் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்காது. கடிதத்தை வாசிக்கும் அலுவலர் அதைக் கோவையில் இட்டுவிட்டு அடுத்த கடிதத்தை எடுப்பார். இச்சொல்லைச் சரியான இடத்தில், சரியான வடிவத்தில் எழுதுவதற்கு இப்பாடம் உதவும்.

1. ஆளுக்கு ஒரு வடிவம், பொருளுக்கு ஒரு வடிவம்

'திருப்தி' என்றால் மனநிறைவு. 'அதிருப்தி' என்றால் மனநிறைவு இல்லாமை. நாம் பேச்சில் 'மனக்குறை' என்று சொல்வதும் ஏறக்குறைய இதுவே. மனம் மனிதருக்கு உரியது. ஆகவே மனிதரைக் குறிக்கும்போது 'அதிருப்தியடைந்த' அல்லது 'அதிருப்தியுற்ற' என்று எழுதுங்கள். பதில், சேவை, வேலை போன்றவற்றைக் குறிக்கும்போது 'திருப்தியற்ற' அல்லது 'திருப்தி தராத' என்று எழுதுங்கள்.

பிழை: அதிருப்தியடைந்த பதில் கிடைத்தது.
சரி: திருப்தி தராத பதில் கிடைத்தது.
சரி: அந்தப் பதிலால் அதிருப்தியடைந்த குடும்பங்கள் மீண்டும் விண்ணப்பித்தன.

2. எதில் என்பதை முன்னால் எழுதுங்கள்

'அதிருப்தியடைந்த' என்பது தனியாக நின்றால் பாதி வசனம் மட்டுமே. எதில், எதனால் என்ற கேள்விக்கு விடை அதற்கு முன்னால் வரவேண்டும்.

குறை: அதிருப்தியடைந்த மீனவர்கள் கூடினர்.
நிறைவு: வலை விநியோகத்தில் அதிருப்தியடைந்த மீனவர்கள் சங்கக் கட்டடத்தில் கூடினர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'பயனாளிகள் தெரிவில் அதிருப்தியடைந்த குடும்பங்கள்' என்றால் குறை தெரிவு நடந்த முறையில் உள்ளது. 'கிராம அலுவலர் மீது அதிருப்தி கொண்ட குடும்பங்கள்' என்றால் குறை ஓர் ஆளின் மேல் விழுகிறது. உங்கள் பெயர் பட்டியலில் விடுபட்டதுதான் விடயம் என்றால் முதலாவது வடிவத்தையே எழுதுங்கள். இரண்டாவதை எழுதினால் அவர் தம்மைக் காப்பதற்குப் பதில் எழுதுவார். பட்டியல் அப்படியே இருக்கும்.

3. சொல்லைப் பட்டப்பெயர் ஆக்காதீர்கள்

'அதிருப்தியடைந்த' என்பதில் உள்ள 'அடைந்த' ஒரு நிகழ்வைக் காட்டுகிறது. ஒன்று நடந்தது, அதனால் மனநிறைவு போயிற்று. அது சீர்செய்யப்பட்டால் அதிருப்தியும் தீரும். 'அதிருப்தியாளர்கள்' என்று எழுதும்போது அந்த நிகழ்வு மறைகிறது. எப்போதும் குறை சொல்பவர்கள் என்ற பொருளே வாசிப்பவருக்குத் தோன்றும். கட்சிக்குள் பிளவுபட்டவர்களைப் பற்றிய செய்திகளில் இச்சொல் பொருந்தலாம். வீடும் தண்ணீரும் கேட்டு நிற்கும் அயலவரைக் குறிக்க அது பொருந்தாது.

மன்னார் நகரின் உப்புக்குளத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களும் வெளியேறின. 2009 இல் போர் முடிந்த பின்னர் பலர் திரும்பினர். அதற்கிடையில், போரினால் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மீனவர்கள் கோந்தைப்பிட்டி இறங்குதுறையில் தொழில் செய்துவந்தனர். 2012 ஜூலையில் அந்த இறங்குதுறை தொடர்பாக எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. மன்னார் நீதிமன்ற வளவில் கல்வீச்சும் நடந்தது. இரு தரப்பாரும் இடம்பெயர்வை அனுபவித்தவர்கள். இரு தரப்பாருக்கும் கடலே தொழில்.

இவ்வாறான நேரத்தில் 'அதிருப்தியடைந்த முஸ்லிம்கள்', 'அதிருப்தியடைந்த தமிழர்கள்' என்று எழுதினால் ஒரு துறையைப் பற்றிய பிணக்கு இரு சமூகங்களின் பிணக்காகத் தோன்றும். 'இறங்குதுறை ஒதுக்கீட்டில் அதிருப்தியடைந்த மீனவர்கள்' என்று எழுதினால் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் எதுவென்று தெரியும். அந்த வசனத்துக்குள் இரு தரப்பாரும் இடம்பெறலாம்.

4. அதிருப்தியும் பாதிப்பும் வேறு

அதிருப்தி மனநிலை. பாதிப்பு நடந்த இழப்பு. அயல் வீட்டுக்கு முதலில் உதவி கிடைத்ததால் நீங்கள் அதிருப்தியடையலாம். இரண்டாம் கட்டக் கொடுப்பனவு வராமல் கூரையில்லாத வீட்டில் மழைக்காலத்தைக் கழித்தால் நீங்கள் பாதிக்கப்பட்டவர். முறைப்பாட்டில் பாதிப்பை முதலில் எழுதுங்கள். பின்வரும் சொற்கள் 'அதிருப்தியடைந்த' என்பதைவிட உங்கள் நிலையைத் தெளிவாகக் காட்டும்:

• பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்: விடுபட்ட
• விண்ணப்பத்துக்கு இல்லை என்றால்: மறுக்கப்பட்ட
• பணம் அல்லது பொருள் நேரத்துக்கு வராவிட்டால்: தாமதிக்கப்பட்ட
• தந்தது முழுமையாக இல்லாவிட்டால்: குறைவாக வழங்கப்பட்ட

5. சொல்லுக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு

உங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்பதை அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பயனாளிகள் தெரிவுக்கான அளவுகோல்களையும் தெரிவு தொடர்பான ஆவணங்களையும் கோரலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கூற வேண்டியதில்லை. ஆகவே இந்த விண்ணப்பத்தில் அதிருப்தி என்ற சொல்லே தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தகவல் அலுவலர் அதற்கு உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

தகவல் மறுக்கப்பட்டால், நேரத்துக்குப் பதில் வராவிட்டால், முழுமையற்ற அல்லது பிழையான தகவல் தரப்பட்டால், கட்டணம் அளவுக்கு அதிகமாக அறவிடப்பட்டால், 14 நாட்களுக்குள் அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதன் பின்னரும் குறை தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.

சட்டம் மேன்முறையீட்டு உரிமையை மனக்குறைக்குத் தரவில்லை. மேலே கூறியவற்றைப் போன்ற, நடந்த ஒரு செயலுக்கே தருகிறது. எனவே "பதிலில் அதிருப்தியடைந்துள்ளேன்" என்பதுடன் நிறுத்தாமல், எது நடந்தது, எந்தத் திகதியில் நடந்தது என்பதையும் எழுதுங்கள். கடிதத்தின் பிரதியையும் கையளித்ததற்கான பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நாட்கள் கணக்கிடப்படும்போது அவையே உங்களுக்குச் சான்று.

மாதிரி: "நான் கேட்ட மூன்று ஆவணங்களில் ஒன்று மட்டுமே தரப்பட்டது. முழுமையற்ற இத்தகவலால் அதிருப்தியுற்று மேன்முறையீடு செய்கிறேன். மற்ற இரு ஆவணங்களையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

6. பயிற்சி

கீழுள்ள வசனங்களைத் திருத்தி எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்யலாம்.

அ. அதிருப்தியடைந்த தண்ணீர் விநியோகம் பற்றி அறிவிக்கிறோம்.
ஆ. எமது கிராமத்தில் அதிருப்தியாளர்கள் பலர் உள்ளனர்.
இ. நாங்கள் அதிருப்தியான மக்கள், உதவி செய்யவும்.

திருத்திய வடிவங்கள்:

அ. திருப்தியற்ற தண்ணீர் விநியோகம் பற்றி அறிவிக்கிறோம்.
ஆ. வீட்டுத்திட்டத் தெரிவில் அதிருப்தியடைந்த குடும்பங்கள் எமது கிராமத்தில் பல உள்ளன.
இ. வீட்டுத்திட்டப் பட்டியலில் எமது குடும்பத்தின் பெயர் விடுபட்டுள்ளது. தெரிவை மீளாய்வு செய்து, முடிவை எழுத்தில் அறியத் தரவும்.

மூன்றாவது திருத்தத்தில் 'அதிருப்தி' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடந்ததையும் வேண்டுவதையும் தெளிவாக எழுதினால், உங்கள் அதிருப்தியை வாசிப்பவர் தாமாகவே விளங்கிக்கொள்வார்.